யார் தூக்குவது?

1986இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, முதலைகளைப் பற்றி அதுவரை இருந்த எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தது. ஆய்வு நடந்த இடம் நமக்குப் பக்கத்தில்தான். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், வடநெம்மேலி முதலைப் பண்ணை. ராமுலஸ் விட்டேகரும் அவருடைய குழுவினரும் 1976இல் தொடங்கிய பண்ணை இது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனால் தடுப்புச் சுவரோரம் தோளில் பிள்ளையோடு அப்பாக்கள் வரிசையாக நிற்பார்கள். “ஏம்ப்பா அது அசையவே மாட்டேங்குது, பொம்மையா?” என்று தோளிலிருந்து ஒரு குரல் கேட்கும். கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பொம்மை கண்ணை மூடித் திறக்கும்.

மக்கர் என்னும் சதுப்புநில முதலையில் தாய் குழி தோண்டி முட்டையிடும். இரண்டு மாதத்துக்கு மேல் கழிந்து, முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் குரல் கொடுக்கும். அதைக் கேட்டுத் தாய் மண்ணைத் தோண்டி, குஞ்சுகளை வாயில் அள்ளி நீருக்குக் கொண்டுபோய் விடும். இது முன்பே தெரிந்த விஷயம். ஜெஃப்ரி லாங், விட்டேகர், ஹாரி ஆண்ட்ரூஸ் ஆகிய மூவரும் அந்த 1986 கட்டுரையில் எழுதியதுதான் புதிது. வடநெம்மேலியில் ஆண் முதலையும் கூட்டைத் தோண்டிக் குஞ்சுகளை வாயில் தூக்கி நீருக்குக் கொண்டுபோனது. எலும்பை நொறுக்கும் அதே தாடை, சின்னஞ்சிறு குஞ்சைக் கீறல் படாமல் ஏந்தியது. முதலைக்கு இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவினர் பறவைகள்தான். வேடந்தாங்கலில் நீரில் நிற்கும் கடம்ப மரங்களின் மேல் ஆண் நாரையும் பெண் நாரையும் முறை மாற்றி அடைகாப்பதைப் பார்த்தவர்களுக்கு, இந்தத் தகப்பன் முதலை அவ்வளவு விநோதமாகத் தெரியாது.

வடநெம்மேலிக் கடற்கரையில் இதற்கு நேர் எதிரான தாயும் உண்டு. தை, மாசி மாத இரவுகளில் பங்குனி ஆமை கரையேறி, நூறு முட்டைக்குப் பக்கமாக இட்டு, மணலைத் தள்ளி மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சு பொரியும்போது அருகில் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. ஆயிரத்தில் ஒன்று வளர்ந்து பெரிதாகும் என்று சொல்வது வழக்கம். ஆமையைக் கல்நெஞ்சக்காரி என்று ஏசுவதில் பொருளில்லை. நிறையப் பெற்று விட்டுவிடுவது ஒரு வழி. சிலவற்றைப் பெற்றுத் தூக்கிச் சுமப்பது இன்னொரு வழி. இரண்டும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கின்றன.

மனிதர்கள் இரண்டாவது வழியின் கடைக்கோடிக்கே போய்விட்டவர்கள். ஒரு மனிதக் குழந்தை தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும் நிலைக்கு வளர ஒரு கோடியிலிருந்து ஒரு கோடியே முப்பது லட்சம் கலோரி வரை தேவைப்படும் என்பது மானிடவியலாளர்களின் கணக்கு. ‘தாய்மார்களும் மற்றவர்களும்’ என்று பொருள்படும் தலைப்பில் 2009இல் நூல் எழுதிய சாரா ஹெர்டி இந்தக் கணக்கிலிருந்து ஒரு முடிவுக்கு வருகிறார்: வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த காலத்தில் ஒரு தாய் தனியாகவோ, ஒரு தாயும் தகப்பனும் மட்டுமோ இதைச் சமாளித்திருக்க முடியாது. பாட்டி, அத்தை, சித்தி, மாமன், அக்கா என்று பல கைகள் இருந்ததால்தான் மனித இனம் பிழைத்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், வீட்டில் அன்றாடம் நடக்கும் சின்னச் சின்ன விஷயங்கள் வேறு மாதிரி தெரியத் தொடங்கும்.

முதலில் தூக்குவதையே எடுத்துக்கொள்வோம். குரங்குக் குட்டி தாயின் மயிரைப் பற்றிக்கொண்டு தானே தொங்கும். நம் உடலில் பற்றிக்கொள்ள மயிர் இல்லை. பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பிடித்துக்கொள்கிறதே, அந்தப் பழைய பழக்கத்தின் மிச்சம் அதுதான் என்கிறார்கள். பிடிப்பு இருக்கிறது, பிடிக்க எதுவும் இல்லை. ஆகவே நாம்தான் தூக்க வேண்டும்.

தூக்கினால் மட்டும் போதாது, நடக்கவும் வேண்டும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். உட்கார்ந்தால் வீறிடும் குழந்தை, எழுந்து நடந்தால் அடங்கும். சோம்பேறித்தனமாக உட்கார நினைத்ததைக் குழந்தை கண்டுபிடித்துவிட்டது போல இருக்கும். ஜப்பானின் ரிக்கேன் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடாவும் ஜான்லூக்கா எஸ்போசிட்டோவும் 2013இல் இதை அளந்து பார்த்தார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளைத் தாய் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தபோதும், எழுந்து நடந்தபோதும் இதயத்துடிப்பைப் பதிவு செய்தார்கள். நடக்கத் தொடங்கிய சில நொடிகளிலேயே துடிப்பு இறங்கியது, கைகால் உதறுவது நின்றது, அழுகை குறைந்தது. எலிக்குட்டியைத் தாய் எலி கவ்விக்கொண்டு போகும்போதும் இதே அடக்கம். தூக்கப்படும் உணர்வைத் தடுத்து வைத்த குட்டிகள் நெளிந்து திமிறின. தாய்க்கு அவற்றை மீட்டுக்கொண்டு போக அதிக நேரம் பிடித்தது. புலியோ வெள்ளமோ துரத்தும்போது, தூக்கியவள் கையில் துள்ளாமல் இருந்த குழந்தைகளின் வம்சம்தான் நாம் என்று இதற்கு விளக்கம் சொல்லலாம்.

அதே குழு 2022இல் இன்னும் உதவியான ஒன்றைச் சொன்னது. அழும் குழந்தையை ஐந்து நிமிடம் நிற்காமல் தூக்கி நடந்தால் அழுகை நின்றது. பாதிக்குச் சற்றுக் குறைவான குழந்தைகள் தூங்கியும் விட்டன. ஆனால் கீழே படுக்க வைத்ததும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 20 நொடிக்குள் விழித்துக்கொண்டன. அம்மாவின் உடலிலிருந்து பிரியும் அந்தக் கணத்தைக் குழந்தையின் இதயம் உடனே காட்டிக்கொடுத்தது. தூங்கிய பிறகு ஐந்திலிருந்து எட்டு நிமிடம் மடியில் வைத்து உட்கார்ந்திருந்து, பிறகு கிடத்தினால் விழிப்பது குறைந்தது. நள்ளிரவில் குழந்தையைப் பாயில் இறக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்கலாம். பரிசோதிக்கப்பட்டவை வெறும் 21 குழந்தைகள்தான், ஆனால் நம் வீட்டில் சோதித்துப் பார்க்க யார் தடுக்கப் போகிறார்கள்?

அந்த ஆய்வில் ஆடும் தொட்டிலும் தூக்கி நடப்பதைப் போன்றே பலன் தந்தது. அசையாத தொட்டில் தரவில்லை. உத்தரத்திலோ கொக்கியிலோ நூல் புடவையைக் கட்டித் தூளி செய்யும் நம் ஊர்க்காரர்களுக்கு இது செய்தியே அல்ல. தூளி ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்கிறது. நடப்பதைப் போன்ற ஆட்டம் ஒன்று. நாலாபுறமும் அணைத்துப் பிடிக்கும் துணியின் அழுத்தம் இன்னொன்று. அதோடு அம்மாவின் புடவையாக இருந்தால் மணமும் சேரும். செங்கல்பட்டு ஏரிப் பாசன வயல்களில் நடவுக்குப் போகும் பெண்கள் வரப்போர மரக்கிளையில் தூளி கட்டிப் பெரிய பிள்ளையை ஆட்டச் சொல்லிவிட்டு இறங்குவார்கள். ஆட்டுகிறவருக்கும் ஏழெட்டு வயதுதான் இருக்கும். ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அழுகை அடங்கத் தூளி நல்லது. ஆளில்லாமல் நெடுநேரம் தூங்க, கெட்டியான சமதளப் படுக்கைதான் பாதுகாப்பு என்பது குழந்தை மருத்துவர்களின் பொதுக் கருத்து. வளைந்த துணியில் பச்சிளம் குழந்தையின் தலை முன்னால் சாய்ந்தால் மூச்சு தடைபடக்கூடும்.

மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபத்தை எல்லோரும் கோவர்த்தன மலைக்காகப் பார்ப்பார்கள். நான் பார்க்கப் போவது அங்கே பால் கறக்கும் ஆயனின் பசுவை. அவன் கறந்துகொண்டிருக்க, அது தலையைத் திருப்பித் தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. 7ஆம் நூற்றாண்டுச் சிற்பி ஒருவன் மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான், சந்தேகமில்லை. பல்லவர்களுக்குக் குடும்பக் காட்சிகளில் ஒரு தனி ஈடுபாடு இருந்தது. கடற்கரைக் கோயில் கருவறைச் சுவரிலும் மகிஷமர்த்தினி மண்டபத்திலும் சோமாஸ்கந்தரைப் பாருங்கள். சிவன், உமை, உமையின் மடியில் குழந்தை முருகன். உலகைக் காக்கும் கடவுளைக் காட்ட நினைத்தவர்கள் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் தம்பதியைச் செதுக்கினார்கள்.

கன்றை நக்கும் பசுவுக்கு வருவோம். நக்குவதற்கு ஓர் அறிவியல் இருக்கிறது. அது மான்ட்ரியலில் மைக்கேல் மீனியின் ஆய்வகத்தில், எலிகளைக் கொண்டு தெரிய வந்தது. சில தாய் எலிகள் குட்டிகளை ஓயாமல் நக்கிக் கோதும், சில அவ்வளவாகச் செய்யாது. அதிகம் நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்த பிறகு, அச்சுறுத்தல் வரும்போது பதற்ற ஹார்மோன் அளவோடு சுரந்து சீக்கிரம் தணிந்தது. நக்காத தாயின் குட்டியை நக்கும் தாயிடம் மாற்றி வைத்தபோது, அது வளர்த்தவளைப் போலவே ஆனது. 2004இல் அந்தக் குழு மரபணுவின் மேல் படியும் வேதிக் குறிகளில் இதன் தடயத்தையும் காட்டியது. எலியில் கண்டதை அப்படியே குழந்தைக்கு ஏற்றிப் பேசக் கூடாது. ஆனால் தொடுதலுக்காகவே நம் தோலில் தனி ஏற்பாடு இருப்பது மனிதர்களிடமே அளந்து கண்டது.

மயிருள்ள தோலில் மெல்லிய நரம்பிழைகள் சில இருக்கின்றன. குத்தினாலும் அழுத்தினாலும் மூளைக்கு வேகமாகச் செய்தி அனுப்பும் நரம்புகள் வேறு. இவை மந்தமானவை, அவசரமில்லாதவை. நொடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வேகத்தில், குறிப்பாக மூன்று சென்டிமீட்டர் அளவில், மெதுவாக வருடினால்தான் இவை உற்சாகமாகத் துடிக்கும். வருடும் பொருள் தோலின் வெப்பத்தில், ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸில், இருக்க வேண்டும். மனிதக் கைக்காக அளவெடுத்துச் செய்தது போன்ற ஏற்பாடு. ஒன்பது மாதக் குழந்தைகளின் கையில் தூரிகையால் இந்த நடுத்தர வேகத்தில் வருடியபோது இதயத்துடிப்பு தணிந்தது, குழந்தைகள் தூரிகையை ஆர்வமாகப் பார்த்தன. வேகமாகவோ மிக மெதுவாகவோ வருடியபோது அப்படி இல்லை. இன்னொரு ஆய்வில் பெற்றோரிடம் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல், செயற்கைக் கை ஒன்றை வருடச் சொன்னார்கள், பிறகு தங்கள் குழந்தையை வருடச் சொன்னார்கள். குழந்தையிடம் வந்தபோது கை தானாகவே வேகத்தைக் குறைத்து, அந்த நரம்புகளுக்குப் பிடித்த அளவுக்கு வந்தது.

பாட்டி முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்கால்களுக்கு இடையில் பேரக் குழந்தையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்ப்பதை இந்தக் கணக்கோடு பார்க்கலாம். உள்ளங்கையில் எண்ணெயைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வது, முதுகிலிருந்து தொடைவரை நீளமாக இழுத்து விடுவது, தேய்த்தபடியே பேசிக்கொண்டிருப்பது. “இந்தக் கால் எந்த ஊருக்கு ஓடப் போகுது? இந்தக் கை யாரை அடிக்கப் போகுது?” குழந்தை முதலில் முறைக்கும், பிறகு மொட்டு வாயைத் திறந்து கொட்டாவி விடும். தேங்காய் எண்ணெய் தேய்த்த குழந்தைகளுக்கு எடை கூடியதை இந்திய மருத்துவர்களே ஆய்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். பாட்டியிடம் இரண்டு விஷயத்தில் மட்டும் சண்டை போட வேண்டியிருக்கும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதக் கூடாது. அது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். குளித்த பிறகு மூச்சு முட்டச் சாம்பிராணிப் புகை போடுவதும் வேண்டாம்.

இனி கடற்கரைக்குப் போகலாம். கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில், படகுகள் ஏற்றி வைத்திருக்கும் மணலைத் தாண்டி, முழங்கால் நீரில் குடும்பங்கள் நிற்கும் இடம். இங்கே ஒரே ஒரு விளையாட்டுதான். அலை வரும்போது இரண்டு கையையும் பிடித்துப் பிள்ளையைத் தூக்க வேண்டும். அலை போனதும் இறக்க வேண்டும். தூக்கிய நொடியில் ஒரு கூச்சல், இறக்கியதும் “இன்னொரு தடவை!” தூக்குகிறவருக்கு முதுகு வலிக்கத் தொடங்கிய பிறகும் பிள்ளைக்கு அலுப்பதில்லை. ஏன் அலுப்பதில்லை?

குழந்தைகள் நான்கு மாதத்தை ஒட்டியே வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்குகிறார்கள். பேச்சும் நடையும் வெகு தூரத்தில் இருக்கும்போதே சிரிப்பு வந்துவிடுகிறது. அவர்களுக்குப் பிடித்த முதல் விளையாட்டு முகத்தை மறைத்து “காணோம், காணோம்… இதோ!” என்று காட்டுவது. 1989இல் பாரட், கிளைட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் இதில் ஒரு குறும்பு செய்தார்கள். ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைகளிடம் சில முறை ஒழுங்காக விளையாடிவிட்டு, திடீரென்று துணிக்குப் பின்னாலிருந்து வேறொருவரை வர வைத்தார்கள். அல்லது அதே ஆள் வேறிடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். குழந்தைகள் பார்த்தன, புருவத்தை உயர்த்தின, ஆனால் சிரிப்பு குறைந்துவிட்டது. அதாவது குழந்தை சிரிப்பது வெறும் திகைப்பால் அல்ல. இன்னார்தான் வருவார், இங்கேதான் வருவார் என்று அது முன்கூட்டியே ஊகித்திருக்கிறது. ஊகம் பலித்ததைத்தான் கொண்டாடுகிறது.

கடல் இதற்கென்றே வந்து வாய்த்த சாதனம். அலை வரும், அது நிச்சயம். எப்போது, எவ்வளவு உயரம் என்பது ஒவ்வொரு தடவையும் சிறிது மாறும். சின்ன அலை என்று நினைத்தால் இடுப்பளவு வந்து நனைக்கும். பெரிது என்று எதிர்பார்த்தால் காலடியில் நுரையாகச் செத்துப் போகும். பாதி ஊகமும் பாதி ஏமாற்றமும் கலந்த இந்த அளவு குழந்தை மூளைக்குத் தீனி. 2015இல் ஸ்டால், ஃபைகன்சன் இருவரும் பதினோரு மாதக் குழந்தைகளிடம் சுவரைத் துளைத்துக்கொண்டு போவது போன்ற பந்தைக் காட்டினார்கள். எதிர்பார்ப்பை மீறிய அந்தப் பந்தைப் பற்றித்தான் குழந்தைகள் அதிகம் கற்றுக்கொண்டன. கையில் கொடுத்தபோது அதைத் தரையில் தட்டித் தட்டிப் பார்த்தன, கெட்டிதானா என்று. அலையில் நிற்கும் பிள்ளையும் அதே சோதனையைத்தான் திரும்பத் திரும்ப நடத்துகிறது. ஒரு வேறுபாடு, இந்தச் சோதனைக்கு இன்னொருவரின் கை தேவை. அந்தக் கை விடாது என்ற நிச்சயம் இருந்தால்தான் கூச்சல் சிரிப்பாகிறது. இல்லையென்றால் அதே கூச்சல் அழுகை. மாமல்லபுரம் கடல் இழுப்புள்ள கடல், முழங்கால் நீரைத் தாண்டாதீர்கள் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கூட ஆள் இருப்பதற்கும் சிரிப்புக்கும் உள்ள தொடர்பு எண்களிலும் தெரிகிறது. லண்டனில் கேஸ்பர் ஆடிமன் குழுவினர் இரண்டரையிலிருந்து நான்கு வயதுள்ள பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் காட்டினார்கள். தனியாகப் பார்த்தபோது சிரித்ததைப் போல எட்டு மடங்கு, இன்னொரு பிள்ளையோடு பார்த்தபோது சிரித்தார்கள். இரண்டு முறையும் படத்தில் ஒரே அளவு நகைச்சுவைதான். சாப்பிட வைக்கக் கையில் கைபேசியைக் கொடுத்து உட்கார வைக்கும் வீடுகளில் அது சிரிப்பு மூட்டுவதில்லை, வாயைப் பிளந்து பார்க்க வைக்கிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இத்தனை இன்பமும் எதற்கு? என் பதில் இதுதான்: இது உடல் கொடுக்கும் கூலி. தூங்கவிடாத, துணி நனைக்கும், எட்டு வருடமானாலும் வேலைக்குப் போகாத ஒரு ஜீவனைச் சுமக்க யாரும் கணக்குப் பார்த்து முன்வர மாட்டார்கள். அதனால் சுமப்பதையே இனிக்கும்படி உடல் செய்துவைத்திருக்கிறது. இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழு, முதல் குழந்தை பெற்ற தம்பதிகளை ஆறு மாதம் தொடர்ந்து அளந்தது. ஆக்ஸிடோசின் தாய்க்குக் கூடியது போலவே தகப்பனுக்கும் கூடியது. தாய்க்கு அணைத்துக் கொஞ்சும்போதும், தகப்பனுக்குத் தூக்கிப் போட்டு விளையாடும்போதும் அந்த உயர்வு ஒத்துவந்தது. பிலிப்பைன்ஸில் செபு நகரத்தில் 624 இளைஞர்களை 2005லும் 2009லும் அளந்தார்கள். இடையில் தகப்பனானவர்களுக்கு டெஸ்டோஸ்டீரோன் சரிந்திருந்தது. தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் குழந்தையைக் கவனித்தவர்களுக்கு இன்னும் குறைவு. சண்டைக்கும் துணை தேடுவதற்கும் உதவும் ஹார்மோன் அது. பால் கொடுக்க முடியாத தகப்பனையும் பிள்ளை பார்ப்பதற்காக உடல் மாற்றி அமைத்துக்கொள்கிறது, பார்த்தால். பார்க்காமல் இருந்தால் அவ்வளவாக மாற்றுவதில்லை. வடநெம்மேலி ஆண் முதலையைவிட நாம் குறைந்தவர்கள் இல்லை.

அப்படியென்றால் பிள்ளை பெற்றவர்கள் எல்லாம் எப்போதும் சிரித்துக்கொண்டிருக்க வேண்டுமே? 2004இல் டேனியல் கானமன் குழு டெக்சஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாளின் ஒவ்வொரு நிகழ்வும் எப்படி இருந்தது என்று எழுத வைத்தது. பிள்ளை பார்த்துக்கொள்வது, தொலைக்காட்சிக்கும் சமையலுக்கும் கீழே போய் நின்றது. அப்போது பத்திரிகைகளுக்கு நல்ல தீனி: பிள்ளைகள் மகிழ்ச்சி தருவதில்லை, நிரூபணமாகிவிட்டது! எனக்கு அந்தப் பட்டியல் சொல்வது வேறு. அங்கே மகிழ்ச்சியைக் குறைத்தது பிள்ளை அல்ல, ஆள் பற்றாக்குறை. பின்னால் 2016இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு இந்த ஐயத்துக்கு வலு சேர்த்தது. தாயும் தகப்பனும் இருவருமே பிள்ளையோடு இருக்கும் நேரத்தில் பிள்ளையில்லாத நேரத்தைவிட நன்றாகவே உணர்ந்தார்கள். ஆனால் தாய்மாருக்கு அந்த இன்பத்தோடு அதிகக் களைப்பும் பதற்றமும் சேர்ந்தே வந்தன. சமையல், துணி, குளியல் என்ற வேலைகளும், தனியாகச் சமாளிப்பதும், கெட்ட தூக்கமும் அவர்கள் பக்கமே விழுந்திருந்தன. விளையாட்டு தகப்பன் பக்கம்.

நம் கணக்கு இதைவிட மோசம். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97. குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வதில் பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76. சிறுசேரி, கேளம்பாக்கம் பக்கம் பதினைந்தாவது மாடியில் வீடு வாங்கி, அம்மா ஓர் ஊரிலும் மாமியார் ஓர் ஊரிலும் இருக்க, மாலை ஆறு மணிக்குக் குழந்தையையும் மடிக்கணினியையும் ஒரே மடியில் வைத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் ‘இந்தக் கணங்களை அனுபவியுங்கள்’ என்று உபதேசம் செய்வது கொடுமை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது. தனியார் துறையில் தகப்பனுக்கு விடுப்பு என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. முதலைக்குத் தெரிந்தது சட்டத்துக்குத் தெரியவில்லை.

கைகள் நிறைய இருந்தால் எப்படியிருக்கும் என்று பார்க்க வருடத்தில் ஓர் இரவு மாமல்லபுரம் வாய்ப்புக் கொடுக்கிறது. மாசி மகம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கமிருந்தெல்லாம் இருளர் குடும்பங்கள் வந்து கடற்கரை மணலில் குச்சி நட்டுப் புடவையைச் சுற்றிக் குடில் போடுவார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போன கன்னியம்மனை வீட்டுக்கு அழைக்க வருவதாக அவர்கள் நம்பிக்கை. விடியும் நேரம் மணலில் படிகள் செய்து, பூவும் பழமும் வைத்துக் கும்பிடுவார்கள். மொட்டையடிப்பது, காது குத்துவது, பெயர் வைப்பது, நிச்சயம், தாலி கட்டுவது எல்லாம் அங்கேயே. சிதறிக் கிடக்கும் சொந்தமெல்லாம் ஒரே மணலில். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமைகளாகப் பல தலைமுறை சிக்கிக் கிடந்த சமூகம் இது. அவர்கள் வறுமையை அழகாக்கிப் பேசும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் நடந்துபோனால், எந்தக் குழந்தை யாருடையது என்று சொல்ல முடியாது. ஒரு பெண் இடுப்பிலிருந்து இன்னொருத்தி இடுப்புக்கு, அங்கிருந்து பத்து வயது அக்காவுக்கு, அவளிடமிருந்து தாத்தாவின் தோளுக்கு. மொட்டையடித்ததும் அழும் பிள்ளையை முதலில் கை நீட்டி வாங்குபவர் பெற்றவளாகவே இருக்க வேண்டியதில்லை.

காங்கோ காட்டில் வேட்டையாடி வாழும் பயாகா மக்களிடையே நிகில் சௌத்ரி என்ற கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் பார்த்ததும் இதுதான். 2023இல் வெளியான அந்த ஆய்வின்படி அங்கே குழந்தைகளுக்கு ஒரு நாளில் ஒன்பது மணி நேரம் வரை உடலோடு ஒட்டிய கவனிப்பு கிடைத்தது. கவனித்தவர்கள் பத்துப் பேருக்கு மேல். குழந்தை அழுதபோது பல தடவைகளில் சமாதானம் செய்தது தாயல்லாத ஒருவர். அந்தத் தாய் குழந்தையைக் குறைவாக நேசிக்கிறாள் என்று அதற்குப் பொருளில்லை. அவளுக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான். சாப்பிட்ட பிறகு வாங்கிக்கொள்ளும் குழந்தை இன்னும் இனிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை, இவ்வளவு பாடுபட்டுத் தூக்கிக் காட்டியதெல்லாம் குழந்தைக்கு நினைவிருக்காது. மூன்று வயதுக்கு முந்தியவை பெரும்பாலும் அழிந்துவிடும். பாட்ரிஷியா பாவர் குழு மூன்று வயதுப் பிள்ளைகளிடம் அண்மையில் நடந்தவற்றைக் கேட்டுப் பதிவு செய்து, வளர்ந்த பிறகு மறுபடி கேட்டது. ஆறேழு வயதில் அறுபது சதவீதத்துக்கு மேல் நினைவிருந்தது. எட்டு, ஒன்பதில் மூன்றில் ஒரு பங்குதான். பெரியவர்களும் சாமர்த்தியசாலிகள் இல்லை. 2014இல் ஹார்வர்டில் டிங் ஜாங் குழு, சாதாரண நாளில் நடந்ததை எழுதி வைக்கச் சொல்லி, சில மாதம் கழித்து எடுத்துக் காட்டியது. படிக்க இவ்வளவு ஆசையாக இருக்கும் என்று எழுதியபோது யாரும் நினைக்கவில்லை. எதிர்பார்த்ததற்கு மேல் கிடைத்த இன்பம், காதலர் தினத்தை எழுதி வைத்ததைவிட ஒன்றுமே நடக்காத நாளை எழுதி வைத்ததில்தான் அதிகம். மாமல்லபுரத்தின் வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவது போல எடுத்த படம் எல்லார் கைபேசியிலும் இருக்கிறது. அதன் பக்கத்துச் சரிவில், வருடக்கணக்கில் பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கி வழவழப்பாகிவிட்ட பாறையில், உங்கள் பிள்ளை பாவாடை கிழியச் சறுக்கியதை எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

நினைவைத் தக்கவைக்க ஒரு வழி தெரியும், அது பேச்சு. நியூசிலாந்தில் பெரியவர்களிடம் முதல் நினைவு எந்த வயதில் என்று கேட்டபோது, மாவோரி மக்களுக்குச் சராசரி 32.6 மாதம், ஐரோப்பிய வம்சத்தினருக்கு 42.9 மாதம். நடந்ததைக் குடும்பமாக உட்கார்ந்து விரிவாகப் பேசும் பழக்கம் மாவோரிகளிடம் அதிகம். குழந்தையிடம் ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வி கேட்காமல் ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று இழுத்துப் பேசும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு நினைவு செழிப்பாக இருப்பதை எலைன் ரீஸ் போன்றவர்கள் தொடர்ந்து காட்டி வந்திருக்கிறார்கள். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் பேருந்தில் ஜன்னலோரம் இதைச் செய்து பார்க்கலாம்.

“கடல்ல என்னென்ன பார்த்தோம் கண்ணு?”

“நாய்.”

“நாயா? அலை வந்துச்சே, அப்பா தூக்கினேனே?”

“நாய் ஐஸ்கிரீம் தின்னுச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் அந்த அண்ணன் அழுதான். அது அவனோட ஐஸ்கிரீம்.”